பழைய மின்மாற்றியும் புதிய கிதார்ப் பெருக்கியும்: கொல்கத்தாவிலிருந்து ஒரு குறிப்பு

வால்வுகளைக் கொண்டு கிதார்ப் பெருக்கி கட்டுபவர்கள் மின்சுற்றையே முதலில் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஃபெண்டர் சாம்ப், வாக்ஸ் ஏசி 15, மார்ஷல் 18 வாட் என்று ஏதேனும் ஒரு பெயர் மனத்தில் இருக்கும். வரைபடம் எளிதில் கிடைக்கும். அதன்பின் அதற்குரிய மின்மாற்றிகளை வாங்குவார்கள். பழைய வெளியீட்டு மின்மாற்றி ஒன்று முதலில் கைக்கு வந்துவிட்டாலோ இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. எந்த வால்வு, எவ்வளவு மின்னழுத்தம், எந்த ஸ்பீக்கர் என்பதையெல்லாம் அந்த இரும்புத் துண்டைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. கேட்பது எளிதன்று, அதன்மேல் எதுவும் எழுதியிருப்பதில்லை.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவர் ஒருவருக்கு அப்படியொரு மின்மாற்றி வந்து சேர்ந்தது. லேக் மார்க்கெட் அருகே, தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியில், பழைய வீடொன்றின் மாடி அறையில் அவர் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்கு உரியவரான மூதாட்டியை வங்காள வழக்கப்படி மாஷிமா என்று அழைப்பார். மாடிப்படியின் அடியில் சாக்கு மூடிக் கிடந்த வால்வு வானொலிப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னவர் அவரே. ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: பழைய இரும்புக்காரனிடம் மட்டும் அது போய்விடக் கூடாது. அவருடைய கணவர் அலுவலகம் முடிந்து வந்தபின் ஹவாயன் கிதார் வாசித்தவர். அந்தக் கிதாருக்கு இந்தப் பெட்டியே பெருக்கியாக இருந்திருக்கிறது.

ஹவாயன் கிதார் வங்காளத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாத செய்தி. மடிமேல் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் கம்பியைத் தடவி வாசிக்கும் அந்தக் கருவி, பசிபிக் தீவுகளிலிருந்து புறப்பட்ட இசைக் குழுக்களோடு இந்த நகரத்திற்கு வந்தது. டாவ் மோ என்ற கலைஞரின் குடும்பம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கல்கத்தாவில் தங்கியிருந்தது. அவர் இங்கே மாணவர்களுக்குக் கற்பித்தார். சுஜித் நாத், படுக் நந்தி, சுனில் கங்கூலி முதலியோர் இரவீந்திர சங்கீதத்தையும் திரைப்பாடல் மெட்டுகளையும் இந்தக் கிதாரில் இசைத்தனர். வீடுகளில் பிள்ளைகளுக்கு ஹார்மோனியத்தோடு ஹவாயன் கிதாரும் கற்பிக்கப்பட்டது. குரலின் வளைவுகளைக் கம்பியில் கொண்டுவர முடிந்ததே அதற்குக் கிடைத்த வரவேற்புக்கு முதன்மையான காரணம் எனலாம். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் இசைக்குப் பழகிய காதுகளுக்கு அது அயல் கருவியாகவே தோன்றவில்லை.

மின்சாரக் கிதார் வந்தபின் பெருக்கி தேவைப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில் அயல்நாட்டுப் பெருக்கி எல்லார்க்கும் எட்டுவதாக இல்லை. ஆனால் கூடத்தில் வானொலி இருந்தது. அக்காலப் பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் இசைத்தட்டுக் கருவியை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் கிதாரின் கம்பிவடத்தைச் செருகினால் வானொலியின் பிற்பாதி பெருக்கியாக மாறிவிடும். இது ஏழையின் தந்திரம் என்று தள்ளிவிடத் தக்கதன்று. கிதார்ப் பெருக்கியின் பிறப்பே வானொலிப் பழுதுபார்க்கும் மேசையில்தான் நிகழ்ந்தது. லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் வானொலிப் பழுதுக்கடை நடத்தியவர். அவர் அங்கே செய்ததன் மறுபக்கத்தையே கல்கத்தாவின் கூடங்கள் செய்துகொண்டிருந்தன.

பெட்டியைத் திறந்தபோது முதலில் எழுந்த கேள்வி தொழில்நுட்பம் சார்ந்ததாக இல்லை. பழைய வானொலியைப் பிரிக்கலாமா என்பதே கேள்வி. கொல்கத்தாவில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. மகாளய அமாவாசை விடியலில், நான்கு மணிக்கு, பிரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரலில் ஒலிக்கும் மகிஷாசுரமர்த்தினி நிகழ்ச்சியின் கதை 1931இல் தொடங்குகிறது. 1976இல் அதற்கு மாற்றாகத் திரை நடிகர் உத்தம் குமாரின் குரலைக் கொண்ட நிகழ்ச்சியை ஒலிபரப்பியபோது எழுந்த எதிர்ப்பு வங்காளத்தில் இன்றும் பேசப்படுகிறது. அந்த ஒரு விடியலுக்காகவே புரட்டாசி நெருங்கும்போது பரணிலிருந்து வானொலியை இறக்கிப் பழுதுபார்க்கக் கொடுக்கும் வீடுகள் உண்டு. பேசக்கூடிய பெட்டியைக் கிதாருக்காக உடைப்பவரை இந்த நகரம் மன்னிக்காது, மன்னிக்கவும் வேண்டியதில்லை.

இந்தப் பெட்டி பேசக்கூடிய நிலையில் இல்லை. மரத்தைக் கரையான் தின்றிருந்தது. அலைத்தேர்வுச் சுருள்கள் பச்சை பிடித்து அறுந்திருந்தன. வால்வுகள் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தாலும் அதன் சுருள் அறாமல் இருந்தது. கொழும்பு, டாக்கா என்று ஊர்ப் பெயர்கள் அச்சிட்ட கண்ணாடி மட்டும் விரிசலின்றித் தப்பியிருந்தது. உள்ளே முழுமையாக எஞ்சியது ஒன்றே: தீப்பெட்டிகள் இரண்டை அடுக்கினாற்போன்ற அளவில் வெளியீட்டு மின்மாற்றி.

வால்வு உயர்ந்த மின்னழுத்தத்தில் சிறிய மின்னோட்டத்தைத் தருவது. ஸ்பீக்கருக்கு வேண்டியதோ தாழ்ந்த மின்னழுத்தமும் மிகுந்த மின்னோட்டமும். இரண்டுக்கும் நடுவே நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இந்த மின்மாற்றி. ‘இது எத்தனை ஓம் மின்மாற்றி?’ என்று கடைகளில் கேட்பார்கள். கண்டிப்பாகச் சொன்னால் மின்மாற்றிக்கென்று தனி ஓம் கிடையாது. அதற்கு இருப்பது சுற்றுகளின் விகிதம் மட்டுமே. துணைச் சுருளில் எந்த ஸ்பீக்கரை மாட்டுகிறோமோ, அதன் மின்மறுப்பு விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி வால்வுக்குத் தெரிகிறது. முதல் ஏடும் இறுதி ஏடும் தொலைந்த சுவடியைப் பதிப்பாசிரியர் யாப்பைக் கொண்டு அடையாளம் காண்பதுபோல, பெயரற்ற மின்மாற்றியை விகிதத்தைக் கொண்டே அடையாளம் காண வேண்டும்.

முதல் பார்வைக்கு அது ஏமாற்றியது. முதன்மைச் சுருளிலிருந்து மூன்று கம்பிகள் வந்தன. மூன்று கம்பி என்றால் நடுவில் இணைப்புடைய சுருள், எனவே இரண்டு வால்வுகள் எதிரெதிராக இழுக்கும் புஷ்-புல் வகை என்று நண்பர்கள் முடிவுகட்டினர். அப்படியானால் வாக்ஸ் ஏசி 15 போன்ற ஒன்றைக் கட்டலாம்! கிதார் வாசிப்பவர்க்கு இதைவிட இனிய செய்தி இல்லை. அந்த ஆசையை ஒரு மின்தடைமானி கலைத்தது. நடுக்கம்பியிலிருந்து ஒரு முனைக்கு 190 ஓம். மறு முனைக்கு 13 ஓம். நடு என்று எண்ணியது ஓரமாகவே இருந்தது. மின்வழங்கலின் இரைச்சலைத் தணிப்பதற்காக அக்கால வானொலிகளில் செய்துவந்த உத்தி அது. மின்சாரம் அந்த இணைப்பில் நுழைந்து இரு திசைகளில் பிரியும். ஒன்று வால்வின் ஆனோடுக்கும் மற்றது பெட்டியின் மற்றப் பகுதிகளுக்கும் செல்லும். எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். இரும்புத் தகடுகளும் இதையே உறுதிசெய்தன. அவை ஒரே பக்கமாக அடுக்கப்பட்டு, இடையில் காகிதத்தாலான சிறு இடைவெளி விடப்பட்டிருந்தது. ஒற்றை வால்வின் நேர்திசை மின்னோட்டம் உள்ளகத்தைத் தெவிட்டச் செய்யாமல் காப்பதற்கான இடைவெளி அது. புஷ்-புல் கனவு அதோடு முடிந்தது.

அடுத்தது விகிதம். முதன்மைச் சுருளின் பெரும்பகுதிக்கு 12.6 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தபோது துணைச் சுருளில் 0.45 வோல்ட் வந்தது. விகிதம் 28; அதன் வர்க்கம் 784. பழைய ஸ்பீக்கரின் மின்மறுப்பு ஏறத்தாழ 3.2 ஓம். இரண்டையும் பெருக்கினால் சுமார் 2,500 ஓம். இந்த எண்ணில்தான் அவர் நின்றுவிட்டார். ஒற்றை வால்வு வானொலிகளில் மிகப் பரவலாக இருந்த இஎல் 84 கேட்பது 5,200 ஓம். ஃபெண்டர் சாம்பில் உள்ள 6வி6 கேட்பது 5,000 ஓம். பாதிதான் வந்திருக்கிறது. அளவீடு பிழையா என்று மறுபடி அளந்தார். அதே எண்.

விடை இந்த நகரத்தின் மின்சார வரலாற்றில் இருந்தது. 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்து நிலையத்திலிருந்து கல்கத்தாவின் மின்விநியோகம் தொடங்கியபோது அது நேர்திசை மின்சாரம். மாறுதிசை மின்சாரம் பரவிய பின்னும் பழைய பகுதிகள் சிலவற்றில் நேர்திசை நெடுங்காலம் நீடித்தது. நேர்திசை மின்சாரத்தில் மின்மாற்றி வேலை செய்யாது. ஆகவே இரண்டு மின்சாரத்திலும் இயங்கும் ஏசி-டிசி வானொலிகள் விற்கப்பட்டன. அவற்றில் மின்வழங்கு மின்மாற்றியே கிடையாது. வால்வுகளின் இழைகள் தொடராகக் கோக்கப்பட்டு நேரே வீட்டு மின்சாரத்தில் இணைந்திருக்கும். கிடைக்கும் மின்னழுத்தம் குறைவு என்பதால் அதற்கேற்ற வால்வுகள் உண்டாக்கப்பட்டன. யுஎல் 84 அவற்றுள் ஒன்று. 170 வோல்ட், 70 மில்லியாம்பியர். இத்தகைய வால்வுக்கு ஏற்ற சுமையை மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துத் தோராயமாகக் காணலாம்: சுமார் 2,430 ஓம். (இஎல் 84க்கும் இதே கணக்கு ஒத்துவரும்: 250 வோல்ட், 48 மில்லியாம்பியர், 5,200 ஓம்.) மாடிப்படியின் அடியில் கிடந்த பெட்டியில் மின்வழங்கு மின்மாற்றியைக் காணாதபோது யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள் என்றே அவர் நினைத்திருந்தார். அது தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை.

இந்தக் கண்டுபிடிப்பின் இன்னொரு பக்கம் அச்சமூட்டுவது. ஏசி-டிசி பெட்டியில் உள்ளிருக்கும் உலோகச் சட்டகம் வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடர்புடையது. செருகியைத் திருப்பி மாட்டினால் சட்டகம் முழுவதும் 220 வோல்ட்டில் இருக்கும். பின்புறத் துளைகளுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே நிற்பவை இரண்டொரு காகித மின்தேக்கிகள் மட்டுமே. ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் அவை சில ஆண்டுகளிலேயே கசியத் தொடங்கும். அந்தத் துளைகளில் கிதாரைச் செருகி, வெறுங்கையில் இரும்புத் துண்டைப் பிடித்து, உலோகக் கம்பிகளைத் தொட்டுக்கொண்டு ஒருவர் மாலைதோறும் வாசித்திருக்கிறார். மாஷிமாவிடம் கேட்டபோது, கணவர் எப்போதும் காலடியில் பலகை ஒன்றைப் போட்டுக்கொள்வார் என்றும், சில நாள் ‘கடிக்கிறது’ என்று சொல்லிச் செருகியைத் திருப்பி மாட்டுவார் என்றும் இயல்பாகச் சொன்னார். அந்தப் பலகை இப்போதும் துளசி மாடத்தின் அருகே இருக்கிறது. பழைய கருவிகளைப் பற்றிய கனிந்த பேச்சுகளில் இந்தப் பலகைக்கு இடமிருப்பதில்லை.

இனிப் புதிய பெருக்கி. முதல் வழி எல்லாரும் பரிந்துரைத்தது. இன்று கிதாருக்கென்று விற்கப்படும் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 784 எட்டால் பெருகி 6,272 ஓம் ஆகும். இஎல் 84ஐச் சற்றுக் குறைந்த மின்னோட்டத்தில் இயக்க இது பொருத்தமான சுமைதான். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் மின்மாற்றிக்கு விகிதம் மட்டும் போதாது; முதன்மைச் சுருளின் தூண்டல் அளவும் வேண்டும். அளந்ததில் அது ஏறத்தாழ 4 ஹென்றி. 2,500 ஓம் சுமைக்கு அந்தத் தூண்டல் 100 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். பேச்சுக்கும் பாட்டுக்கும் வானொலியில் அது போதுமானதாக இருந்தது. சுமை 6,272 ஓம் ஆனால் அந்த எல்லை 250 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கிதாரின் தடித்த கம்பியின் சுரம் 82 ஹெர்ட்ஸ். அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே மெலிந்துவிடும். அன்றியும், 170 வோல்ட் மின்வழங்கலுக்காகச் சுற்றப்பட்ட பழைய காகிதக் காப்பின்மேல் 250 வோல்ட்டை ஏற்ற வேண்டிவரும். ஒலியின் உச்சத்தில் ஆனோடின் மின்னழுத்தம் அதைப் போல் இரு மடங்கை நெருங்கும்.

இரண்டாம் வழி, இந்த மின்மாற்றியைத் தூக்கி வைத்துவிட்டுப் புதியதை வாங்குவது. சிக்கனம் நோக்கினால் இதுவே சரி. பழைய மின்மாற்றியைக் காப்பாற்றுவதற்குச் செலவிடும் நேரத்தில் புதியதற்கான பணத்தைச் சம்பாதித்துவிடலாம். ஆனால் வால்வுகளை இன்றும் வாங்க முடிகிறது. ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் அவை உற்பத்தியாகின்றன. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் தயாரித்த வால்வுகளில் பெட்டி பிரிக்காதவைகூட அவ்வப்போது பழைய கடைகளில் தென்படுகின்றன. இந்தக் குறிப்பிட்ட இரும்பு மட்டும் மறுபடி வராது. நகரத்தின் மின்சார வரலாற்றைத் தன் விகிதத்தில் பொதித்து வைத்திருக்கும் பொருளை அலமாரியில் வைப்பதைவிட அதற்குரிய வேலையில் வைப்பதே நல்லது என்பது அவருடைய முடிவு. வரலாற்று மாணவர் வேறு எப்படி முடிவெடுப்பார் என்று நண்பர்கள் கேலி செய்ததுண்டு.

மூன்றாம் வழியைக் கிதார் உலகில் யாரும் பொருட்படுத்துவதில்லை. யுஎல் 84க்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: இஎல் 86. உள்ளமைப்பு ஒன்றே, இழைக்கு மட்டும் 45 வோல்ட்டுக்குப் பதில் வழக்கமான 6.3 வோல்ட் போதும். புகழ்பெற்ற கிதார்ப் பெருக்கி எதிலும் பெயர்பெறாததால் இதைத் தேடுவோர் குறைவு. தேவை குறைவென்பதால் விலையும் குறைவு. சோவியத் காலத்து நிகர் வால்வும் கிடைக்கிறது. இதை 180 வோல்ட், 55 மில்லியாம்பியரில் இயக்கினால் வேண்டிய சுமை சுமார் 3,270 ஓம். 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் மின்மாற்றி காட்டுவது 3,136 ஓம். இரண்டு எண்களும் கைகுலுக்கிக்கொண்டன. 70 மில்லியாம்பியருக்கு அமைந்த இடைவெளிக்கு 55 சுமையே அன்று. தாழ்சுர எல்லை 125 ஹெர்ட்ஸில் நிற்கிறது. தடித்த கம்பியின் அடிச்சுரம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தாலும் அதன் மேற்சுரங்கள் முழுமையாக ஒலிக்கின்றன. வெளியீடு 4 வாட் அளவில் இருக்கும். சிறிது என்று தோன்றலாம். மூடிய அறையில் 4 வாட் என்பது கீழ்வீட்டாரை மேலே வரவழைக்கப் போதுமானது.

சாந்தினி சௌக்கின் சந்துகளில் மின்மாற்றி சுற்றித் தருபவர்களிடம் மின்வழங்கலுக்கான புதிய மின்மாற்றி சொல்லிச் செய்யப்பட்டது: உள்ளே 230 வோல்ட், வெளியே 150 வோல்ட், இழைகளுக்கு 6.3 வோல்ட். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை. வீட்டு மின்சாரத்திலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்ட வழங்கல், மூன்று முனைச் செருகி, சட்டகத்தில் இறுக்கமாகத் திருகிய நில இணைப்பு ஆகிய மூன்றும் இருந்தால் காலடிப் பலகை தேவைப்படாது. பழைய மின்மாற்றியை ஒரு மரப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு விளக்கோடு நான்கு நாள் வைத்து ஈரம் போக்கினார். அதன்பின் காப்புச் சோதனைக் கருவியால் 500 வோல்ட்டில் சோதித்தார். மெல்லிய செம்புக் கம்பியில் ஈரமும் நேர்மின்னோட்டமும் சேர்ந்தால் பச்சை பிடித்து அறுந்துபோகும். இந்த ஊரில் மின்மாற்றிகள் பெரும்பாலும் சாவது இப்படித்தான். ஓரமாக இருந்த அந்த மூன்றாம் கம்பியும் வீணாகவில்லை. முன்பு செய்த இரைச்சல் தணிக்கும் வேலையையே இங்கும் செய்கிறது. முன்நிலைக்கு ஈசிசி 83 ஒன்று. நிலைகளுக்கிடையேயான மின்தேக்கிகளை வேண்டுமென்றே சிறிதாக வைத்தார். தாங்க முடியாத தாழ்சுரங்களை அந்தச் சிறிய உள்ளகத்துக்கு அனுப்பித் தெவிட்டச் செய்வதில் பயனில்லை.

பழைய இரும்புக்குத் தனிக் குரல் உண்டு என்பார்கள். அது பாதி உண்மை. இந்தப் பெருக்கியின் ஒலி நடுச்சுரங்களில் திரண்டு, கீழே மெலிந்து, மேலே மழுங்கி வருகிறது. அது மாயமன்று. தூண்டல் போதாமை, சிறிய உள்ளகம், சுருள்களுக்கிடையேயான கசிவு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிவிட முடியும். கல்லூரி விழாவில் தாளக்கருவிகளோடு போட்டியிட இது உதவாது. ஆனால் அந்த நடுச்சுரங்கள் மனிதக் குரல் குடியிருக்கும் இடம். ஹவாயன் கிதார் வங்காளத்தில் நாடியதும் அதே இடத்தைத்தான். மாஷிமா கேட்டுவிட்டு, ஒலி நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. கம்பியைத் தொடும்போது கடிக்கவில்லையே என்று இரண்டு முறை கேட்டார்.

ஸ்பீக்கர் இணைக்கப்படாமல் இயக்கினால் சுருளில் எழும் மின்னழுத்தம் பழைய காப்பைத் துளைத்துவிடும். அதனால் ஸ்பீக்கரின் கம்பிகளைச் செருகியில் விடாமல் நேரே பற்றவைத்திருக்கிறார். சட்டகத்தின் உட்புறத்தில், அடுத்துத் திறப்பவர் கண்ணில் படும்படி, எண்ணெய்ச் சாயத்தால் மூன்று வரிகள் எழுதியிருக்கின்றன: விகிதம் 28:1. ஸ்பீக்கர் 4 ஓம் மட்டும். 200 வோல்ட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.